டவுன்லைன் தேடும் முன் வாடிக்கையாளர்: நேரடி விற்பனைக்கு ஒரு ஆன்லைன் திட்டம்

பொருளை விற்றும் ஆள் சேர்த்தும் கமிஷன் வாங்கும் நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் ஐடி போட்டுச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, நம்மைச் சேர்த்துவிட்ட அப்லைனிடமிருந்து இரண்டு வேலைகள் வந்துவிடும். தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொல்வார்கள். கம்பெனி போஸ்டர்களை அனுப்பி, தினமும் ஸ்டேட்டஸில் வைக்கச் சொல்வார்கள். பெரும்பாலான டீம்களில் 'ஆன்லைன் மார்க்கெட்டிங்' என்றால் இவ்வளவுதான். அதே போஸ்டரை அதே நாளில் அதே ஊரில் இன்னும் முப்பது பேர் வைத்திருப்பார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் சேர்ந்திருந்தால், அந்தச் சொந்தக்காரர்களின் போனில் ஒரே படம் இரண்டு முறை ஓடும். பத்தாவது நாள் மியூட் செய்துவிடுவார்கள். மியூட் செய்ததை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. ஸ்டேட்டஸ் பார்த்தவர்களின் எண்ணிக்கை மெல்லக் குறைவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கோளாறு போஸ்டரின் அழகில் இல்லை. அது யாரைத் தேடுகிறது என்பதில் இருக்கிறது. 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்பது ஆள் சேர்க்கும் போஸ்டர். அதற்கு வருகிறவர் பொருள் வாங்க வருவதில்லை, பணம் தேடி வருகிறார். இரண்டு மாதத்தில் பணம் வராவிட்டால் போய்விடுவார், அவரோடு அவர் ஆர்டரும் போய்விடும். கம்பெனியின் வருமானத் திட்டத்தை, அதாவது பிளானைக் காட்டும்போது போர்டில் எழுதுகிற கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 5 பேர், அந்த 5 பேரும் ஆளுக்கு 5 பேர் என்று போனால் 11-ஆவது அடுக்கில் மட்டும் 4.88 கோடிப் பேர் வேண்டும். முதல் 11 அடுக்குகளைக் கூட்டினால் 6 கோடியைத் தாண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடி. ஆகவே ஆன்லைனில் எவ்வளவு வேகமாக ஆள் பிடித்தாலும் அந்த வழி ஒரு கட்டத்தில் முட்டி நிற்கும். ஆனால் ஒரு தெருவில் பத்து வீடுகள் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே பொருளை வாங்கினால், நமக்குக் கீழே டவுன்லைனாக யாரும் சேராமலே வியாபாரம் நடக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பத்து வீட்டை ஆன்லைன் வழியாகப் பிடிப்பதற்கும், பிடித்ததைத் தக்கவைப்பதற்கும் உரியது.

போன் எடுக்கும் முன் பார்க்க வேண்டிய தாள்கள்

முதலில் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஆப்பில் 'ஏற்கிறேன்' என்று தட்டிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். அதை டவுன்லோடு செய்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: கம்பெனி பெயரையும் லோகோவையும் உங்கள் பக்கத்தில் போடலாமா, சொந்த வெப்சைட் வைக்கலாமா, விலை குறைத்து விளம்பரம் செய்யலாமா, அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் விற்கலாமா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'கூடாது' என்றுதான் இருக்கும். மீறினால் ஐடி போகும், கமிஷன் கணக்குக்காக அதுவரை சேர்ந்த பாயிண்டும் போகும்.

அடுத்தது சட்டம். நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், 2021 அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று வெளியாயின. ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் தரும் பிரமிட் திட்டமும் பணச் சுழற்சித் திட்டமும் அதில் தடை. சேருவதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. விற்பவர் பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்த நிறுவனத்தின் பொருள், என்ன பொருள் என்று சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. விலை, திருப்பித் தரும் முறை, பணம் திரும்பும் முறை எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேருபவருக்குச் சரிபார்க்க முடியாத தகவலையோ நிறைவேற்ற முடியாத வாக்குறுதியையோ தரக் கூடாது. அளவுக்கு மீறிச் சரக்கு எடுக்கச் சொல்லவும் கூடாது.

இதை இங்கே இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. வாயால் சொன்னது காற்றில் போய்விடும். ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் சொன்னது ஸ்கிரீன்ஷாட்டாக நிற்கும். 'பெயர் சொல்ல மாட்டேன், மீட்டிங்குக்கு வாங்க தெரியும்' என்கிற பழைய பாணியை ஆன்லைனில் எழுதி வைத்தால், விதியை மீறியதற்கு நீங்களே எழுத்து ஆதாரம் கொடுத்த மாதிரி. வியாபாரத்துக்கும் அது உதவாது. மர்மமாகப் பேசினால் இன்றைக்கு ஆட்கள் முதலில் செய்வது, கம்பெனி பெயரைக் கண்டுபிடித்து யூடியூபில் 'உண்மையா ஏமாற்றா' என்று தேடுவதுதான்.

எந்தப் பொருளை முன்னால் வைப்பது

கம்பெனி கேட்டலாகில் முன்னூறு பொருள் இருக்கலாம். ஆன்லைனில் காட்ட இரண்டு அல்லது மூன்று போதும். 30 முதல் 50 நாளுக்குள் தீர்ந்துபோகிற பொருளாக இருக்க வேண்டும், கேமராவில் வேலை செய்து காட்ட முடிய வேண்டும், நோய் எதையும் பற்றிப் பேசாமல் விற்க முடிய வேண்டும். பாத்திரம் கழுவும் லிக்விட், தரை துடைக்கும் லிக்விட், டூத்பேஸ்ட், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் இதில் வரும். புரோட்டீன் பவுடரும் மூட்டு வலி மாத்திரையும் பாயிண்டை அள்ளித் தரும் என்பதால் அப்லைன் அதைத்தான் தள்ளச் சொல்வார். ஆன்லைனில் தொடங்குபவர் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

பாத்திரம் கழுவும் லிக்விடையே எடுத்துப் பார்ப்போம். கணக்குக்காக 500 மில்லி பாட்டில், எம்ஆர்பி 240 ரூபாய், கம்பெனி நமக்குத் தரும் விலையான டிபி 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 50 ரூபாய். வெளியூருக்கு ஒரே ஒரு பாட்டிலை கூரியரில் அனுப்பினால் அந்த 50 ரூபாய் அனுப்பும் செலவிலேயே கரைந்துவிடும். பாட்டில் கசிந்தால் 190 ரூபாயும் சேர்ந்து போகும். ஆகவே ஆன்லைன் மார்க்கெட்டிங் என்றாலும் விற்பனை உங்கள் வண்டி போகிற தூரத்துக்குள்தான், 4, 5 கிலோமீட்டர் சுற்றளவு. 'இந்தியா முழுவதும் டெலிவரி' என்று போடுவதில் கௌரவம் இருக்கிறது, லாபம் இல்லை. வெளியூர் ஆர்டர் வந்தால் கம்பெனி வெப்சைட்டிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போகும்படி போட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் 1,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

இனி உபயோகக் கணக்கு. ஒரு கிண்ணம் தண்ணீருக்கு 5 மில்லி, நாளுக்கு இரண்டு வேளை, அப்படியென்றால் 10 மில்லி. 500 மில்லி பாட்டில் 50 நாள் வரும், ஒரு நாளைக்கு 4 ரூபாய் 80 பைசா. மீட்டிங்கில் இதோடு கடை சோப்பை ஒப்பிட்டு 'பாதி செலவுதான்' என்பார்கள். அதை அப்படியே வீடியோவில் சொல்வதற்கு முன் உங்கள் தெருக்கடை விலையில் போட்டுப் பாருங்கள். 10 ரூபாய் பார் சோப்பு ஒரு வீட்டில் 4 நாள் ஓடினால் நாளுக்கு இரண்டரை ரூபாய்தான். அப்படியானால் உங்கள் பொருள் விலை கூடியது. கூடியது என்றே சொல்லிவிட்டு, கை எரிச்சல் குறைவா, பாத்திரத்தில் வெள்ளைத் திட்டு நிற்கவில்லையா, வாசனை பிடிக்கிறதா என்று உண்மையில் இருக்கிற நல்ல குணத்தைச் சொல்லி விற்கலாம். விலையில் பொய் சொன்னால் கமெண்டில் ஒரு இல்லத்தரசி நாலு வரியில் கணக்கு போட்டுக் காட்டிவிடுவார், அந்த வீடியோ அதோடு முடிந்தது.

இன்னொரு சிக்கல்: யாரும் 5 மில்லி அளந்து ஊற்றுவதில்லை. பாட்டிலைச் சாய்த்து ஒரு பீய்ச்சு, அது 15 மில்லி வரும். நாளுக்கு 30 மில்லி போனால் 17-ஆம் நாள் பாட்டில் காலி. '50 நாள் வரும்னு சொன்னீங்களே' என்று அவர் கேட்பதில் தப்பே இல்லை. குழந்தைகளின் சிரப்போடு வருகிற மாதிரி 5 மில்லி அளவு மூடி ஒன்றைப் பாட்டிலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தால் இந்தப் புகார் அநேகமாக வராது. அந்த மூடியால் ஊற்றுவதை வீடியோவிலும் காட்டுங்கள்.

வீடியோ எடுக்கும் விதம்

அடிப்பிடித்த பால் பாத்திரம் ஒன்று போதும். ஸ்டுடியோ லைட் வேண்டாம். காலை வெளிச்சம் விழுகிற ஜன்னல் ஓரம் தொட்டி இருந்தால் அங்கே, இல்லையென்றால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பில். போனைச் செங்குத்தாக ஸ்டாண்டில் வையுங்கள், கையும் பாத்திரமும் மட்டும் தெரிந்தால் போதும். முதல் மூன்று நொடியில் கறுத்த அடிப்பாகம் தெரிய வேண்டும். வணக்கம் சொல்லி, கம்பெனி லோகோ ஓடி, மியூசிக் போட்டு ஆரம்பித்தால் அதற்குள் விரல் தள்ளிவிடும். தேய்க்கும் இடத்தை வெட்டாமல் ஓட விடுங்கள். வெட்டினால் இடையில் வேறு எதையோ போட்டுத் தேய்த்ததாகத்தான் பார்ப்பவர் நினைப்பார். கடைசியில் பாட்டிலைத் திருப்பி எம்ஆர்பியைக் காட்டுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க' என்பது எரிச்சலைத்தான் கிளப்பும்.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழ்நாட்டில் பல வீடுகளில் பாத்திரம் கழுவுவது போர் தண்ணீரில். அதில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். சோப்பு அந்த உப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும், நுரை வராது. டிடர்ஜென்ட் வகை லிக்விடுகள் இதைக் கொஞ்சம் தாங்கும் என்றாலும், நுரை குறையத்தான் செய்யும். நீங்கள் குடிதண்ணீர்க் குழாயில் வீடியோ எடுத்து, பொங்கி வழிகிற நுரையைக் காட்டியிருப்பீர்கள். வாங்கியவர் போர் தண்ணீரில் கலக்கிப் பார்த்துவிட்டு 'டூப்ளிகேட் கொடுத்துட்டீங்களா' என்பார். ஆகவே வீடியோவை உங்கள் பகுதியின் உப்புத் தண்ணீரிலேயே எடுங்கள். நுரை குறைவாக வருவதையும், கறை போவதையும் சேர்த்தே காட்டுங்கள். அதே தண்ணீரை வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்ததும் நம்புவார்கள். 'போர் தண்ணில நுரை வரலையா?' என்ற தலைப்பில் யூடியூபில் ஒரு மூன்று நிமிட வீடியோ போட்டு வைத்தால், கம்பெனி பெயரே தெரியாதவர்களும் தேடி வருவார்கள். ரீல்ஸ் சில நாளில் அடங்கிவிடும், தேடலில் சிக்குகிற வீடியோ அப்படி இல்லை.

வாரத்துக்கு இரண்டு வீடியோ தாராளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான்கை எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டு வாரம் ஓடும்.

வாட்ஸ்அப்தான் கடை

ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ஆளைக் கூட்டி வரும். வியாபாரம் முடிவது வாட்ஸ்அப்பில்தான். தனி சிம் ஒன்று வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைப் போடுங்கள். சொந்த நம்பரில் வைத்துக்கொண்டால், ஒருநாள் நம்பர் தடைபடும்போது ஸ்கூல் குரூப்பும் பேங்க் மெசேஜும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். புரொஃபைலில் உங்கள் பெயர், எந்தக் கம்பெனியின் நேரடி விற்பனையாளர், எந்த ஏரியா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதுங்கள். கேட்டலாகில் அந்த இரண்டு மூன்று பொருளை விலையோடு ஏற்றுங்கள்.

லேபிள் வசதியைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 'விலை கேட்டவர்', 'முதல் ஆர்டர்', 'மறு ஆர்டர்', 'அனுப்ப வேண்டாம்' என்று நான்கு லேபிள் போதும். நான்காவதுதான் மிக முக்கியம். 'வேண்டாம்' என்று சொன்னவருக்கு மறுபடி மெசேஜ் போனால் அவர் செய்வது பிளாக், கூடவே ரிப்போர்ட். சில ரிப்போர்ட் சேர்ந்தாலே நம்பர் தடைபடும் அபாயம் உண்டு. டெலிகிராமில் விலைக்கு வரும் '10,000 நம்பர் லிஸ்ட்' வாங்கி அனுப்புகிறவர்களின் நம்பர்கள் இப்படித்தான் போகின்றன. அனுமதி இல்லாமல் அடுத்தவர் தகவலைப் பயன்படுத்துவது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. அந்த லிஸ்டை வைத்துப் போன் செய்தாலும், எதிரில் இருப்பவர் தொல்லை அழைப்புகளுக்கான 1909 எண்ணில் புகார் கொடுக்க முடியும்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இது தெரியாமல் 'அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடலை' என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. டெலிவரி கொடுக்கும்போதே 'அக்கா, என் நம்பரைச் சேவ் பண்ணிக்கங்க, புது ஸ்டாக் வந்தா மெசேஜ் வரும்' என்று சொல்லி, அவர் சேமிக்கும்வரை நிற்பதுதான் வழி. மாதத்துக்கு இரண்டு பிராட்காஸ்ட் போதும், அதில் ஒன்றாவது விற்பனை பேசாத உபயோகக் குறிப்பாக இருக்கட்டும்.

அடிக்கடி அனுப்பும் பதிலைச் சேமித்து வைக்கும் குயிக் ரிப்ளையில் ஐந்து பதில்களை எழுதி வையுங்கள்: விலை, உபயோக அளவு, டெலிவரி நாள், திருப்பித் தரும் முறை, 'இது எந்தக் கம்பெனி'. கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வேண்டும். கம்பெனி பெயர், வெப்சைட், குறைதீர்ப்பு அலுவலர் விவரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரட்டும். அப்படி ஒரு அலுவலரைக் கம்பெனி வைத்திருக்க வேண்டும் என்பதும் 2021 விதிகளில் உள்ளதுதான். அந்த விவரம் கம்பெனி வெப்சைட்டில் எங்கு தேடியும் இல்லையென்றால், மார்க்கெட்டிங் திட்டத்தை நிறுத்திவிட்டுக் கம்பெனியைப் பற்றி யோசியுங்கள்.

மறு ஆர்டர் மெசேஜைத் தேதி பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு நோட்டிலோ கூகுள் ஷீட்டிலோ பெயர், வாங்கிய தேதி, பொருள், தீரும் நாள் என்று நான்கு கட்டம் போடுங்கள். தீருவதற்கு ஏழெட்டு நாள் முன்பாக அனுப்புவது இப்படி இருக்கலாம்:

'அக்கா, வணக்கம். மார்ச் 3-ஆம் தேதி பாத்திரம் கழுவுற லிக்விட் வாங்குனீங்க. இன்னும் ஒரு வாரத்துக்கு வரும்னு நினைக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் உங்க தெருப் பக்கம் வர்றேன். வேணும்னா சொல்லுங்க, எடுத்துட்டு வர்றேன். இன்னும் இருக்குன்னா பரவாயில்ல.'

இதில் படம் இல்லை, ஆஃபர் இல்லை. வீட்டுக்கு வர அனுமதியும் இதிலேயே கேட்டாகிவிட்டது. 'இன்னும் இருக்கு தம்பி, அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று பதில் வந்தால் ஷீட்டில் தேதியை மாற்றுங்கள். அதற்குமேல் வற்புறுத்தாதீர்கள். பதிலே வராவிட்டால் பத்து நாள் கழித்து இன்னொரு முறை மட்டும்.

காசு கொடுத்து விளம்பரம்

முதல் இருபது வாடிக்கையாளர்கள் காசு செலவில்லாமல் வர வேண்டும். உங்கள் வீடியோவுக்கும் விலைக்கும் உபயோகக் குறிப்புக்கும் அதுதான் பரீட்சை. அவர்களில் பாதிப் பேராவது இரண்டாம் முறை வாங்கிய பிறகு மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரத்துக்குப் போகலாம். ஃபேஸ்புக் பக்கத்தை வாட்ஸ்அப் பிசினஸ் நம்பரோடு இணைத்து, தட்டினால் வாட்ஸ்அப் திறக்கும் வகை விளம்பரத்தைத் தேர்ந்தெடுங்கள். 'பூஸ்ட் போஸ்ட்' பட்டனை அப்படியே தட்டினால் லைக் வரும், ஆர்டர் வருவது சந்தேகம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மாவட்டப் பெயரைப் போடாமல், வரைபடத்தில் உங்கள் தெரு மேல் குறி வைத்துச் சுற்றளவைக் குறையுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. நாளுக்கு 200 ரூபாய், ஏழு நாள், 1,400 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,652 ரூபாய். 55 பேர் மெசேஜ் தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 30 பேர் உங்கள் முதல் பதிலுக்குப் பிறகு ஒன்றும் எழுதமாட்டார்கள், கை தவறித் தட்டியவர்களும் அதில் உண்டு. மிச்சமுள்ளவர்களில் 5 பேர் வாங்கினால் ஒரு வாடிக்கையாளரைப் பிடித்த செலவு 330 ரூபாய். 50 ரூபாய் நிற்கிற ஒற்றைப் பாட்டிலை வைத்து இதை ஈடுகட்ட ஏழு ஆர்டர் வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடம். மூன்று பொருள் சேர்ந்த 700 ரூபாய் செட்டில் 140 ரூபாய் நின்றால் மூன்றாவது ஆர்டரில் போட்ட காசு திரும்பும். ஆகவே விளம்பரத்தில் செட்டைக் காட்டுங்கள், ஒற்றைப் பாட்டிலைக் கேட்பவருக்கும் மறுக்காமல் கொடுங்கள். கமிஷனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சில்லறை லாபத்திலேயே விளம்பரம் தன்னைத் தாங்கவில்லையென்றால், பாயிண்டை வைத்துச் சமாதானம் சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

மெசேஜ் வந்து அரை மணிக்குள் பதில் போடாவிட்டால் அந்தக் காசு வீண். பகலில் வேலைக்குப் போகிறவர் விளம்பரத்தை மாலையிலும் விடுமுறை நாளிலும் மட்டும் ஓட விடுவது உத்தமம். அதற்கு மொத்த ஓட்டத்துக்கும் சேர்த்து ஒரே பட்ஜெட் வைத்தால்தான் நேரம் குறிக்க முடியும்.

விளம்பரம் ரிஜெக்ட் ஆவதற்குப் பெரும்பாலும் வாசகம்தான் காரணம். 'உங்களுக்குத் தொப்பையா?', 'சர்க்கரை நோயால் அவதியா?' என்று பார்ப்பவரின் உடல்நிலையைச் சுட்டும் வரி மெட்டாவில் செல்லாது. எடை குறைப்புக்கு முன்-பின் படமும் செல்லாது. குறைந்த முதலீட்டில் சீக்கிரம் பணம் என்று எம்எல்எம் (நெட்வொர்க் மார்க்கெட்டிங்) வாய்ப்பை விளம்பரம் செய்வதும் அவர்கள் விதிக்கு எதிரானது. வார்த்தையைக் கொஞ்சம் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பப் போட்டால் விளம்பரக் கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஆகவே காசு கொடுக்கும் விளம்பரத்தில் பொருள் மட்டும்தான். ஆள் சேர்ப்பு அங்கே கால் வைக்கவே கூடாது.

நோய் பற்றி எழுதாதீர்கள்

மாத்திரையையும் பவுடரையும் பின்னால் தள்ளச் சொன்னதற்குக் காரணம் இதுதான். 1954-இன் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை நோய், புற்றுநோய், இரத்த அழுத்தம், உடல் பருமன் எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வது குற்றம். 'இது மருந்தில்லை, ஃபுட் சப்ளிமென்ட்' என்று தப்ப முடியாது. உணவுப் பொருளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிமுறைகள் தனியாக இருக்கின்றன, தவறான விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். டப்பாவில் அப்படி எழுதியதை விற்றுக்கொண்டு, ஸ்டேட்டஸில் 'சுகர் 300-லிருந்து 110' என்று லேப் ரிப்போர்ட்டைப் போட்டால் எதிர்வாதத்துக்கு இடமே இல்லை.

'நான் சொல்லலை, கஸ்டமர் சொன்னதைத்தான் ஷேர் பண்ணேன்' என்பார்கள். விற்பவர் பகிர்ந்தால் அது விளம்பரம்தான். அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி பல எம்எல்எம் கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, கம்பெனியின் சொந்த விளம்பரங்களோடு உறுப்பினர்கள் சமூக ஊடகத்தில் கொரோனா பற்றியும் வருமானம் பற்றியும் போட்ட பதிவுகளுக்காகவும்தான். இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. பவுடரை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை யாராவது நிறுத்திவிட்டால், அங்கே பேச்சு வியாபாரத்தைத் தாண்டிவிடுகிறது. சப்ளிமென்ட் விற்றால் லேபிளில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் தெரியும்படி படம் எடுங்கள். 'சுகர் இருக்கு, எடுக்கலாமா?' என்று யாராவது கேட்டால் குயிக் ரிப்ளை ஒன்றே ஒன்று: 'உங்க டாக்டர்கிட்ட லேபிளைக் காட்டிக் கேட்டுட்டு வாங்க.'

சேரக் கேட்பவர்கள்

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால், மூன்று நான்கு முறை வாங்கியவர்களில் சிலர் தாங்களாகவே 'இதை நானும் எடுத்து விக்கலாமா?' என்று கேட்பார்கள். ஆன்லைனில் பிடிக்க வேண்டிய ஆள் அவர்தான். பொருள் தெரியும், விலை தெரியும், போர் தண்ணீர் விவகாரமும் தெரியும். அவரிடம் ஜூம் மீட்டிங் லிங்கை நீட்டாமல், உங்கள் ஷீட்டைக் காட்டுங்கள்: இந்த மாதம் எத்தனை ஆர்டர், சில்லறை லாபம் எவ்வளவு, பெட்ரோலுக்கும் விளம்பரத்துக்கும் போனது எவ்வளவு, கமிஷன் எவ்வளவு வந்தது, அதில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) எவ்வளவு பிடித்தார்கள். கமிஷனுக்கான டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய கணக்கையே சொல்லிக்கொடுக்கும் அப்லைன்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செக் படம், கார் முன் நிற்கும் படம், மேடையில் மாலை போடும் படம் இவற்றைத் தவிர்க்கச் சொல்வது நல்லொழுக்கத்துக்காக மட்டுமல்ல. அமெரிக்க எஃப்டிசி 2024 செப்டம்பரில் 70 எம்எல்எம்களின் வருமான அறிக்கைகளைப் பார்த்துச் சொன்னது, பெரும்பாலான உறுப்பினர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு, அதுவும் செலவைக் கழிக்காமல். அங்கே பல கம்பெனிகள் இந்த அறிக்கையை வெளியிடுவதால் எண்ணாவது தெரிகிறது. அப்படியிருக்க மேல் அடுக்கில் ஒருவருடைய செக்கைக் காட்டி ஆள் சேர்த்தால், வந்தவர் மூன்றாம் மாதமே அந்தப் படத்தை உங்களுக்கே திருப்பி அனுப்பிக் கேள்வி கேட்பார். சேருபவரிடம் கூலிங்-ஆஃப் காலம் எத்தனை நாள், அதற்குள் எப்படி விலகலாம் என்பதையும் சேரும் அன்றே வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுங்கள். விலகும் வழி தெரிந்தவர்கள் பயமில்லாமல் வேலை செய்கிறார்கள்.

சேர்ந்தவருக்கு உங்கள் வீடியோக்களை அப்படியே கொடுக்காதீர்கள். திரும்பவும் முப்பது பேர் ஒரே படத்தை வைக்கும் கதைதான். எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள், அவர் வீட்டுப் பாத்திரம், அவர் தெருத் தண்ணீர், அவர் கை. பயிற்சிக் குறிப்பு என்று நீங்களே தயாரித்த பிடிஎஃப்பையும் அனுப்ப வேண்டாம். கம்பெனி வெளியிட்ட பயிற்சிப் பொருளைத்தான் கொடுக்கலாம் என்பது விதியிலேயே இருக்கிறது. ஏரியாவையும் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே அபார்ட்மென்ட் குரூப்பில் இரண்டு பேர் ஒரே லிக்விடை விற்றால் விலை குறைப்புச் சண்டையில்தான் முடியும். அபார்ட்மென்ட் குரூப்பில் போடுவதற்கு முன் அட்மினிடம் கேட்டு, அவர் சொல்கிற கிழமையில் மட்டும் போடுங்கள்.

பக்கத்துக்குப் பெயர் வைப்பது சின்ன விஷயம்போலத் தெரியும். கம்பெனி பெயரையும் உங்கள் ரேங்க்கையும் சேர்த்துப் பக்கம் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். கம்பெனி லோகோ விதியை மாற்றினாலோ, கம்பெனியே இழுத்து மூடினாலோ, நீங்கள் வேறு இடம் போனாலோ, அந்தப் பக்கமும் அதில் சேர்ந்தவர்களும் பயனில்லாமல் போவார்கள். உங்கள் பெயரோ ஏரியா பெயரோ வருகிற மாதிரி வைத்து, எந்தக் கம்பெனியின் நேரடி விற்பனையாளர் என்பதை விவரப் பகுதியில் தெளிவாக எழுதுங்கள். சொந்த ஃபேஸ்புக் புரொஃபைலிலேயே கடை நடத்த வேண்டாம். அதில் 5,000 நண்பர்கள்தான் எல்லை, வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்துவதை ஃபேஸ்புக்கும் ஏற்பதில்லை. கம்பெனி மாற நேர்ந்தால், பழைய பட்டியலுக்குப் புதுப் பொருளின் போஸ்டரை நேராகத் தள்ளாமல், 'நான் இப்போ வேற கம்பெனிப் பொருள் எடுக்குறேன், மெசேஜ் அனுப்பலாமா?' என்று ஒரு வரி கேளுங்கள். 'சரி' என்றவர்களை மட்டும் புதுப் பட்டியலில் ஏற்றுங்கள். மற்றவர்களிடம் பழைய பாட்டில் இன்னும் மிச்சமிருந்தால், திருப்பிக் கொடுக்கவோ பணம் கேட்கவோ யாரை அணுக வேண்டும் என்பதையும் அதே மெசேஜில் சேர்த்துவிடுங்கள்.